ஆட்டைக்கு வரல

அன்புள்ள அம்மா,

என் மகளுக்கு 9 வயது. மூன்று வருடமாக ஷட்டில் கோச்சிங் போகிறாள். காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, பள்ளி விட்டு ஒரு தடவை. போன மாதம் ஒரு டோர்னமெண்டில் முதல் ரவுண்டிலேயே 21-5, 21-7 என்று தோற்றாள். அன்றிலிருந்து "இனிமே போகல" என்கிறாள். கோச்சை மாற்றலாமா, கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாமா? நிறையச் செலவு செய்துவிட்டோம். மொட்டை மாடியில் தம்பியோடு மட்டும் மணிக்கணக்காக ஆடுகிறாள். பாயிண்ட்கூட எண்ணுவதில்லை.

பெயர் வேண்டாம், கரூர்

அன்புள்ள தம்பி,

செலவுக் கணக்கு அவள் காதில் ஒருமுறைகூட விழக் கூடாது. ஏற்கெனவே விழுந்திருந்தால் நீங்கள் செய்தது பெரிய தப்பு. கோச் விஷயத்தை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அவளிடம் கேளுங்கள்.

"இனிமே போகல." இதைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் "நான் ஆட்டைக்கு வரல" என்போம். அந்தச் சொல்லுக்கு அன்று அவ்வளவு பலம் இருந்தது. தோற்கிறவள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டமே கிடையாது. அதனால் நன்றாக ஆடுகிறவர்கள்தான் ஆடத் தெரியாதவர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

உத்தி பிரிப்பது நினைவிருக்கிறதா? உயரத்திலும் ஓட்டத்திலும் சமமான இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போவோம். நான் ரோஜா, நீ மல்லிகை என்று காதோடு காதாகப் பெயர் வைத்துக்கொண்டு தலைவிகளிடம் வருவோம். "ரோஜா வேணுமா, மல்லிகை வேணுமா?" தலைவிக்கு யார் எது என்று தெரியாது. கெட்டிக்காரிகளை எல்லாம் ஒரே பக்கம் அள்ளிக்கொள்ள வழியே இல்லை. அப்படியும் ஒரு பக்கம் தோற்றுக்கொண்டே இருந்தால் யாராவது கத்துவார்கள்: "உத்தியை மாத்து!"

அப்புறம் ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பெயரை இன்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த ஏற்பாடு தங்கம். என் தங்கைக்கு நாலு வயது. கல்லா மண்ணா ஆடும்போது பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் ஓடி வருவாள். அவளைத் தொட்டால் அவுட் இல்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாசல்படியில் ஏறி நின்று கை தட்டுவாள். ஒரு பெரியவர்கூட எங்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவில்லை.

உங்கள் டோர்னமெண்டை இதோடு வைத்துப் பாருங்கள். நாக்-அவுட்டில் 64 பிள்ளைகள் வந்தால் முதல் ரவுண்டிலேயே 32 பேர் மூட்டை கட்டுகிறார்கள். யாருக்கு இன்னும் நாலு ஆட்டம் ஆடிப் பார்ப்பது அவசியமோ அவர்களைத்தான் முதலில் அனுப்புகிறோம். விடியற்காலையில் பஸ் ஏறிப் போன குழந்தை அரை மணி நேரம்கூட ஆடியிருக்க மாட்டாள். மிச்ச நாள் முழுக்க காலரியில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீங்கள் அப்போது என்ன முகம் வைத்திருந்தீர்கள் தம்பி? அதைக் கடிதத்தில் காணோம்.

போட்டி இல்லாவிட்டால் சாம்பியன் எப்படி வருவார் என்று கேட்பீர்கள். நார்வேயில் 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்கென்று விதிகள் எழுதினார்கள். 11 வயதுக்கு முன்னால் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. தேசிய சாம்பியன்ஷிப் எல்லாம் 13-ஆவது வயதில்தான். எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் குழந்தைக்கும் பேச்சு உண்டு. சுமார் 55 லட்சம் ஜனங்கள், சென்னையைவிடக் குறைவு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம். பனி தேசம், வசதியான தேசம், எல்லாம் சரி. ஆனால் எங்கள் தெருவில் இருந்ததைத்தானே அவர்கள் காகிதத்தில் எழுதி வைத்தார்கள்? நாம் இருந்ததையும் தொலைத்துவிட்டு, பிள்ளை "வரல" என்றால் அதை ஒரு வியாதி மாதிரி பார்க்கிறோம்.

அவள் ஷட்டிலை விடவில்லை தம்பி. உங்கள் கடைசி வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய், என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். முதலில் ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்ப்பார்கள். சரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மா