ஆட்டு மூளையில அமுக்கச் சோதனை: கேள்வி பதில்

திருநெல்வேலியிலிருந்து: அண்ணை, அமுக்கி விறைப்பை அளக்கக் காலமை சந்தையில வாங்கின ஆட்டு மூளை எவ்வளவு நேரம் தாங்கும்?

வெட்டி 6 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கப் பாருங்கோ. உப்புக்கரைசலில நனைச்ச துணியால சுத்தி, பொலித்தீனில போட்டு ஐஸ் மேல வையுங்கோ. ஃப்ரீசர் வேண்டாம்: ஐஸ் பளிங்கு வளர்ந்து கலங்களைக் கிழிச்சுப்போடும், பிறகு நீங்கள் அளக்கிறது வேற பொருள். ஃபோர்மலினும் இழையத்தை இறுக்கிப்போடும். மேல்சவ்வை உரிச்சு, புது அலகால அமத்தாமல் இழுத்து, 5 மில்லிமீற்றர் கனசதுரமா வெட்டுங்கோ. அதைத் தட்டில ஒட்ட சூப்பர் குளூ மெல்லிசாப் பூசினால் காணும். கூடினால் பக்கத்தால ஏறி இறுகி, இல்லாத விறைப்பைக் காட்டும்.

கிளிநொச்சி மாணவி: எங்களிட்ட 500 நியூட்டன் லோட் செல்தான் (விசையை அளக்கிற உணரி) இருக்கு, சேர். காணுமோ?

காணாது. ஷியர் மட்டு (பக்கவாட்டாச் சரிக்கிறதுக்கு எதிரான விறைப்பு) 1 கிலோபஸ்கால் எண்டால் யங்கின் மட்டு (அமுக்க, இழுக்க எதிரான விறைப்பு) கிட்டத்தட்ட 3 கிலோபஸ்கால். 10 சதவீத விகாரத்தில (உயரத்தில பத்திலொரு பங்கு அமத்தினால்), 25 சதுர மில்லிமீற்றரில வாற விசை 7.5 மில்லிநியூட்டன், ஒரு கிராம் நிறையும் இல்லை. செல்லின்ர இரைச்சலுக்குள்ள மறைஞ்சுபோகும்.

கோண்டாவில்: இவ்வளவு மெத்தெண்ட சாமான் அமுக்கினால் சுருங்காதோ?

வடிவம் மாறும், கனவளவு மாறாது. கனவளவு மட்டு (கனவளவைக் குறைக்கிறதுக்கு எதிரான விறைப்பு) தண்ணியைப் போல 2 கிகாபஸ்கால் அளவு. அதாலதான் பக்கம் பிதுங்குது. கணினி மாதிரியில சாதாரண மூலகம் (மாதிரியைப் பிரிக்கிற சின்னத் துண்டு) போட்டால் பூட்டிக்கொள்ளும், இல்லாத விறைப்பைக் காட்டும். அமுக்கத்தைத் தனியாக் கணிக்கிற ஹைபிரிட் மூலகம் போடுங்கோ.

சுன்னாகம்: ஒரு இரவு மட்டும் ஃப்ரீசரில வைக்கலாமோ?

முதல் பதிலை வாசியுங்கோ. ஒரு மணித்தியாலமும் வேண்டாம்.

மானிப்பாய்: தம்பி மோட்டார் சைக்கிளால விழுந்து தலையிடி, சத்தி. மூளை ஆடியிருக்குமோ?

இதை வாசிச்சுக்கொண்டு இராதேங்கோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

கொக்குவில்: றப்பருக்கு முதல் சுற்றை (ஒருக்கா அமத்தி விடுறது ஒரு சுற்று) கணக்கில எடுக்காமல் கழிக்கிறம். இதுக்கும் அப்பிடித்தானே?

இல்லை. முதல் சுற்றில திரவம் நகர்ந்து, உள் வலை ஒழுங்கு மாறுது. அடுத்த சுற்று மெதுமையா வரும். விபத்தில தலை ஒருக்காத்தான் அடிபடும். அதுக்கு முதல் சுற்றுத்தான் வேணும்.

கொக்குவில் திரும்பவும்: முதல் சுற்று மாதிரிக்கு மாதிரி சிதறுதே, அண்ணை.

சிதறும். தட்டு தொட்ட புள்ளியைப் பிழையாப் பிடிச்சாலும் சிதறும். மாதிரிகளைக் கூட்டுங்கோ, தரவை வெட்டாதேங்கோ. சத்திரசிகிச்சையில திரும்பத் திரும்ப அமத்துறதை ஆராய்ஞ்சால் பிந்தின சுற்றுகளை எடுங்கோ, அதில உங்களோட உடன்படுறன். எதெண்டாலும் சுற்று எது, விகார வேகம் என்ன, வெப்பநிலை என்ன எண்டு எழுதுங்கோ. வேகம் கூடினால் விறைப்பும் கூடும். அமுக்கத்தில வாற மட்டு இழுவையில வராது.