மூக்குத் தண்டு வளைவு கட்டியாக மாறுமா?

மாறாது. மூக்குத் தண்டு எத்தனை வருடம் வளைந்தே இருந்தாலும் அது கட்டியாகவோ புற்றுநோயாகவோ மாறுவதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் தலைவலி, குறட்டை, மூளைக்குப் போகும் ஆக்சிஜன், நல்லெண்ணெய், நீராவி என்று ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. ஆனால் உங்களைத் தூங்கவிடாதது கடைசி வரிதான்: "என் மச்சினனுக்கும் மூக்கடைப்பில்தான் தொடங்கியது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது நேரம் தாண்டிவிட்டது." உங்களுக்கு வயது 43. ரப்பர் பால் வெட்டுகிற வேலை. இரண்டு வருடமாக மூக்கடைப்பு. காலையில் மூக்கைச் சிந்தும்போது இரண்டு முறை ரத்தக் கோடு வந்திருக்கிறது. ஸ்கேனில் 'தண்டு இடப்பக்கம் வளைந்திருக்கிறது, ஸ்பர் இருக்கிறது' என்று வந்ததும், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் போனில் தேடியிருக்கிறீர்கள். ஸ்கேன் சொல்லாத பயங்களை எல்லாம் போன் சொல்லிவிட்டது.

மூக்குத் தண்டு என்பது இரண்டு துவாரங்களுக்கும் நடுவே நிற்கும் சுவர். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறவர்கள் மூக்கின் பாலம் என்பார்கள். முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. சுவர் நட்ட நடுவில் நூல் பிடித்தாற்போல நிற்கிறவர்கள்தான் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அது கொஞ்சமாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிறக்கும்போதே வந்திருக்கலாம், வளரும்போது குருத்தெலும்பும் எலும்பும் ஒரே வேகத்தில் வளராததால் வந்திருக்கலாம், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்திருக்கலாம். ஸ்பர் என்பது அந்த வளைவின் ஓரத்தில் ஒரு எலும்புக் கூர், அவ்வளவுதான். இதே ஸ்கேனை உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பத்துப் பேருக்கு எடுத்தால் பலருடைய தாளிலும் இந்த வரி இருக்கும். அவர்களில் பலருக்கு மூக்கடைப்பே இருக்காது. அதனால் தாளில் இருக்கும் வளைவுக்கு நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை, அடைப்புக்குத்தான் பார்க்கிறோம்.

சரி, அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஒரே பக்கம். முன்பு இல்லாமல் புதிதாக வந்த அடைப்பு. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறது. அதே பக்கத்தில் ரத்தம் கலந்த சளி. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இவை சேர்ந்து வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், வீட்டில் இருந்துகொண்டு எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது. காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய், மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். கூடவே கன்னம் மரத்துப்போவது, மேல்வரிசைப் பல் ஆடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கண் முன்தள்ளுவது, ஒரு காது மட்டும் அடைத்தே இருப்பது, கழுத்தில் வலியில்லாத கழலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போக வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென் தமிழகத்திலும் கேரளத்திலும் குளத்தில் முங்கிக் குளிக்கிறவர்களுக்கு மூக்குக்குள் ஒரு வளர்ச்சி வருவதுண்டு. ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். சிவப்பாக, ஸ்ட்ராபெரிப் பழத்தின் தோல் போல மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். தொட்டாலே ரத்தம் வரும். இதுவும் ஒரு பக்கம்தான் பெரும்பாலும் அடைக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது புற்றுநோய் இல்லை. காளான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள், காளானும் இல்லை. தண்ணீரில் வாழும் ஒரு நுண்ணுயிர். அதை வேரோடு எடுத்து, அது ஒட்டியிருந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் வரும். இதைச் சொட்டு மருந்து போட்டு வருடக்கணக்கில் வளர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு பக்க மூக்கடைப்போடு சொம்பு நிறைய ரத்தம் கொட்டினால் அது வேறு கதை. ரத்தக்குழாய்களால் ஆன ஒரு கட்டி அந்த வயதில் வரும். அதில் சதை எடுத்துப் பரிசோதிக்கவும் கூடாது, முதலில் ஸ்கேன்தான். பையனுக்குச் சூடு என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "சில நாள் இடது அடைக்கும், சில நாள் வலது அடைக்கும், படுத்தால் கீழ்ப்பக்கம் அடைக்கும்." இந்த ஒரு வரி எனக்கு ஸ்கேனைவிடப் பெரிது. வளைந்த சுவர் ராத்திரிக்கு ராத்திரி இடம் மாறாது. கட்டியும் இடது வலது என்று மாறி மாறி உட்காராது. மாறுவது மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் சதை. ஜனங்கள் 'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் வளர்ந்த சதையே இல்லை. எல்லோருக்கும் இருக்கிற சதைதான் வீங்கியிருக்கிறது. நல்ல மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை வீங்கும், மறுபக்கச் சதை சுருங்கும். ஆரோக்கியமாக இருக்கும்போது நமக்கு அது தெரிவதில்லை. தண்டு வளைந்து ஒரு பக்கம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் தெரியும்.

வீட்டிலேயே பாருங்கள். ஒரு சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெல்ல மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு பனித்திட்டுகள் படியும். எந்தப் பக்கத் திட்டு பெரிது என்று நான்கு நாள் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறித்து வையுங்கள். பெரிய திட்டு பக்கம் மாறினால் உங்கள் அடைப்பு சதையால். நான்கு நாளும் ஒரே பக்கம் திட்டே விழவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு முறை ரத்தக் கோடு வந்ததற்குக் கூரின் மேல் காய்ந்த பொருக்கும், நீங்கள் போடும் சொட்டு மருந்துக் குப்பியின் முனை உரசியதும் காரணமாக இருக்கலாம். ஸ்கேனில் கட்டி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் 43 வயது, ரத்தம் வந்திருக்கிறது, வீட்டில் ஒரு மரணத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதனால் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை எண்டோஸ்கோபி செய்துவிடுங்கள். மெல்லிய குழாய், மரக்கச் செய்து உள்ளே விடுவார்கள், சில நிமிட வேலை. மூக்கின் பின்பக்கம் வரை நேரில் பார்த்துவிடலாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போகலாம்.

அடுத்து, நீங்கள் ஒரு சின்ன விஷயம் போல எழுதியிருப்பது. "மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து போட்டால்தான் தூக்கம் வருகிறது, ஒன்றரை வருடமாகப் போடுகிறேன்." இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டதும் ரத்தக்குழாய் சுருங்கி மூக்கு திறக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். திரும்பப் போடுவீர்கள். ராத்திரி ஒரு தடவை போட்டது, வெள்ளென மூன்று மணிக்குப் பால் வெட்டப் போகும்போது ஒரு தடவை என்றாகி, அப்புறம் நாலு தடவை என்றாகும். என்னிடம் வந்த ஒருவர், நான் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிக் கைலி மடிப்பிலிருந்து குப்பியை எடுத்து இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டார். குப்பியின் மேல் ஒட்டியிருந்த தாள் கைபட்டுத் தேய்ந்து எழுத்தே இல்லை. அவருக்கும் தண்டு வளைந்துதான் இருந்தது. குப்பியை விட்ட ஒரு மாதத்தில் அவருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. நீங்கள் பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறீர்கள். இந்தச் சொட்டு பிரஷரையும் ஏற்றக்கூடும்.

ஒரேயடியாக விட முடியாது என்று பயப்பட வேண்டாம். முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் திறந்ததும் மறுபக்கத்தை நிறுத்துங்கள். முதல் ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், தலையணையை உயர்த்திப் படுங்கள். அதே நாள் முதல் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மொமெட்டாசோன் அல்லது புளூட்டிகாசோன் ஸ்பிரேயைத் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு என்று பயந்து பாதியில் விடாதீர்கள். உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ஆனால் இது போட்டவுடன் திறக்கிற மருந்து இல்லை, ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், முனை காதுப் பக்கம் பார்க்கிற மாதிரி அடியுங்கள். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம் வரும். மருந்தைத் தொண்டைக்கு உறிஞ்ச வேண்டாம்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பொடி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா பற்றிப் பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

ரப்பர் ஷீட் போடும்போது ஆசிட் வாடையும் புகைக்கூட்டுப் புகையும் சதையை வீங்க வைக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று வேலை செய்யுங்கள், முகத்தில் துணி கட்டுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்கலாம். நீராவி சுகமாக இருக்கும், வைத்தியம் ஆகாது. தலைவலிக்குத் தண்டு வளைவு காரணமாக இருப்பது அபூர்வம். ஆக்சிஜன் குறையாது, மூக்கு அடைத்தால் வாய் வழியாகப் போகும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுவதை உங்கள் மனைவி பார்த்திருந்தால் மட்டும் தூக்கப் பரிசோதனை வேண்டும். அதற்குத் தண்டை நிமிர்த்தினால் மட்டும் போதாது.

ஆபரேஷன் எப்போது? குப்பியை விட்டு, ஸ்பிரேயை ஆறு வாரமாவது ஒழுங்காகப் போட்ட பிறகும் ஒரு பக்கம் திறக்காமலே நின்றால். செப்டோபிளாஸ்டி என்பார்கள். மூக்குக்கு உள்ளேதான் வெட்டு, வெளியே தழும்பு இருக்காது, முகம் மாறாது. சுமார் ஒரு மணி நேரம். உயிருக்கு ஆபத்தான ஆபரேஷன் இல்லை. துணி வைத்து அடைத்திருந்தால் அதை எடுக்கும்வரை ஒன்றிரண்டு நாள் வாயால் மூச்சு விடுவதுதான் பெரிய கஷ்டம். இரண்டு வாரம் பளு தூக்கக் கூடாது, மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, அபூர்வமாகச் சுவரில் துளை, இவை வரக்கூடியவை. சதை வீக்கம் அலர்ஜியால் வந்தது என்றால் தண்டை நிமிர்த்திய பிறகும் ஸ்பிரே வேண்டியிருக்கும், இதை முன்பே தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் என்று முடிவானால் மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கிற மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள், கூலி போகாது.

எண்டோஸ்கோபிக்குப் போகிற அன்று காலையில் எந்தச் சொட்டும் போடாமல் போங்கள். போட்டுவிட்டுப் போனால் சதை சுருங்கியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மூக்கு எப்படி இருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும்.