மெட்டு இரவல், சொல் சொந்தம்

சென்ற இதழில், எஸ்தரால் தாங்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் திருநாளுக்கு யூதச் சமூகங்கள் போடும் நாடகத்தையும், அதற்கு வசனமும் பாட்டும் எழுதுகிறவர்களையும் பற்றி எழுதியிருந்தோம். திருகோணமலையிலிருந்தும் அயல் ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பாட்டுக் கட்டி, ஆள் பிடித்து, பழக்கி, மேடையேற்றுகிற அந்த எழுத்தாளர், கூத்துப் பழக்குகிற எங்கட அண்ணாவியார் மாதிரித்தானே?
– கூத்துப் பிரியர், மூதூர்

பதில்: பாதி சரி. இரண்டு பேரும் ஊராரை வைத்துத்தான் ஆட்டுவிக்கிறார்கள். வேறுபாடு கொப்பியில் இருக்கிறது. அண்ணாவியாரிடம் இருப்பது தலைமுறை தாண்டி வந்த கொப்பி. பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டையோ மற்றத் தருப் பாட்டையோ அவர் இலேசில் மாற்றமாட்டார். பூரிம் எழுத்தாளருக்குக் கதை மாறாது, கொப்பி மட்டும் வருடாவருடம் புதிது. கதை வேதாகமத்தின் எஸ்தர் புத்தகம், பத்தே அதிகாரம். விருந்துக்கு வரமறுத்த ராணி வஸ்தி, அவளுக்குப் பதிலாக வந்த எஸ்தர், அவளை வளர்த்த மொர்தெகாய், யூதரையெல்லாம் அழிக்கச் சதி செய்து தானே தூக்கில் தொங்கிய ஆமான். சபையில் இருக்கிற குழந்தைக்கும் முடிவு தெரியும். ஆகவே வருகிறவர்கள் கதை கேட்க வருவதில்லை. இந்த வருடம் எந்த மெட்டில் என்ன பகிடி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். நாள் யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14, எங்கள் கணக்கில் மாசி–பங்குனிப் பூரணையை ஒட்டி விழும். அந்த நாளைத் தள்ளிப்போட முடியாது என்பதுதான் எழுதுகிறவருக்குத் தலையிடி.

யூத அரங்கைத் தொழிலாக்கியவர் என்று ஆபிரகாம் கோல்ட்ஃபாடனைச் (1840–1908) சொல்வார்கள். 1876இல் ருமேனியாவின் யாஷ் நகரில், மதுக்கடைகளில் பாடித் திரிந்த பாடகர்களைச் சேர்த்துத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் கொடுத்தது கதைப்போக்கும் பாட்டும்தான். இடைப்பேச்சை நடிகர்கள் மேடையிலேயே கட்டினார்கள். மெட்டுகளை ஜெபாலயத்திலிருந்தும் ஒப்பேராவிலிருந்தும் நாட்டுப் பாட்டிலிருந்தும் கூச்சமில்லாமல் எடுத்தார். பெண் வேடத்தையும் முதலில் ஆண்களே கட்டினார்கள், பெண் மேடையேறியது 1877இல். கூத்துக்காரருக்கு இதெல்லாம் புதினமாக இராது.

கேள்வி: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– உயர்தர மாணவர், கிண்ணியா

பதில்: சமூக அரங்கை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மொர்தெகாய் கெபிர்டிக் (1877–1942) இன்றும் பாடப்படும் பாடல்களை எழுதியவர்; கைத்தொழில் தச்சு வேலை. இன்று இந்தத் துறையில் வருமானம் சிறுசிறு ஓடைகளாக வருகிறது: ஒரு சபை கேட்டு எழுதிக் கொடுப்பதற்குக் கூலி, அதே பிரதியைப் பின்னணி இசையோடு வேறு ஊர்ச் சபைகளுக்கு மேடையேற்ற அனுமதித்து வாங்கும் கட்டணம், பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் வகுப்பு. இரண்டாவதுதான் நின்று தரும். அதற்கு, எழுதும்போதே உள்ளூர்ப் பகிடிகளைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். அந்த வரியை மட்டும் மற்ற ஊர்க்காரர் மாற்றிக்கொள்வார்.

உரிமையை அவசரப்பட்டு விற்றால் என்னவாகும் என்பதற்கு ஷோலம் செகுண்டா சாட்சி. 1932இல் நியூயோர்க்கில் இத்திஷ் என்ற யூதர் மொழியில் ஒரு இசைநாடகத்துக்கு அவர் மெட்டுப்போட்ட 'பை மிர் பிஸ்து ஷேன்' என்ற பாட்டு பின்னர் 30 டொலருக்கு விலைபோனது. அந்தப் பணத்தையும் பாடலாசிரியரோடு பங்கிட்டார். 1937இல் அமெரிக்கப் பாடகிகளான அன்ட்ரூஸ் சகோதரிகள் பாடி அது உலகமெங்கும் ஒலித்தபோது இலாபம் வேறு கைகளுக்குப் போனது. உரிமை 1961இல்தான் அவரிடம் திரும்பியது.

கேள்வி: எங்கள் ஞாயிறு பாடசாலையில் 20 பிள்ளைகளை வைத்து எஸ்தர் கதையை அந்தப் பாணியில் செய்யப் பார்க்கிறோம். தெரிந்த மெட்டுக்குப் புதுச் சொல் போடவேணும். எழுத உட்கார்ந்தால் பாட்டு நொண்டுகிறது. எங்கே பிழை?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: முதலில் அளவு. 35 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஏழு பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள், பல்லவியும் ஒரே ஒரு சரணமும். இரண்டாம் சரணத்தில் கதை நகராது, சின்னப் பிள்ளைகள் மேடையில் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

மெட்டைத் தெரிவு செய்ததும் சொல்லைத் தேடாதீர்கள். ‘லலலா’ என்று பாடி, எந்த இடம் நீளுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று கொப்பியில் கோடு போடுங்கள். நீளும் இடத்தில் நெடில், ஓடும் இடத்தில் குறில். நொண்டலில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. வரி முடிவில் நாலு தட்டுக்கு நீளும் மெட்டில் “ஆமானுக்கு வந்தது ஆபத்து” என்று வைத்தால், பிள்ளை கடைசி ‘து’வை இழுத்து “ஆபத்தூ” என்று பாடும். குற்றியலுகரத்துக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. “ஆமான் கதை முடிந்தது, போ!” என்று மாற்றிப் பாருங்கள், ‘ஓ’வில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். ஆ, ஏ, ஓ மூன்றும் நீட்டலுக்கு நல்லவை. ‘ஈ’யை உச்ச ஸ்தாயியில் வைத்தால் பிள்ளைகள் கீச்சிடுவார்கள்.

அடுத்தது மூச்சு. மெட்டு நிற்கும் இடத்தில் சொல் உடையக்கூடாது. “மொர்தெ” என்றதும் ஒரு இடைவெளி, பிறகு “காய் வந்தாரே” என்று விழுந்தால் சபைக்கு மரக்கறிக்காரன் வந்த மாதிரித்தான் கேட்கும். அந்தச் சிரிப்பு நீங்கள் கேட்டு வந்த சிரிப்பு அல்ல. அகாஸ்வேரு என்ற ராஜாவின் பெயரும் வாயில் வராமல் அடம்பிடிக்கும். பாட்டில் ‘ராஜா’ போதும்.

ஆமான் பெயர் வரும்போதெல்லாம் சபை கிலுக்கி ஆட்டி, காலடித்து, ஊளையிட்டு அந்தப் பெயரை அமுக்க வேண்டும். அதுதான் பூரிம் நாடகத்தின் உயிர். பால்மா ரின்னுக்குள் ஒரு பிடி பயறு போட்டு மூடினால் கிலுக்கி ஆயத்தம். ஆனால் இரைச்சலில் அடுத்த வசனம் காணாமல் போய்விடும். ஆகவே பெயரை வசனத்தின் கடைசிச் சொல்லாக வையுங்கள், பாட்டில் என்றால் அதன்பின் நாலு தட்டு வெறுமையாக விடுங்கள். நாடகம் முழுவதிலும் பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கை ஓயாது.

சினிமாப் பாட்டு என்றால் சுருதியையும் பாருங்கள். ஆண் பாடியது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கரோக்கேயை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றி இறக்கி, கூட்டத்தில் குரல் மெலிந்த பிள்ளைக்குச் சரிவரும் இடத்தில் நிறுத்துங்கள்.

தூக்குமரம் ஐம்பது முழம் என்கிறது புத்தகம். கட்ட வெளிக்கிடாமல், ஒருவன் அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டே போகட்டும். ஒன்பதாம் அதிகாரத்தில் யூதரின் பகைவர் எழுபத்தையாயிரம் பேர் கொல்லப்படுவது வருகிறது. பூரிம் நாடகங்களில் பல அதைத் தொடாமலே முடிகின்றன. போரைக் கண்ட எங்கள் ஊரில் பிள்ளைகளைக்கொண்டு அதை ஆடிக்காட்டத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். மொர்தெகாய் ராஜவஸ்திரத்தோடு வெளியே வருகிற எட்டாம் அதிகாரத்தில் திரையை மூடுங்கள்.

கேள்வி: சினிமா மெட்டைப் பாவித்தால் பிரச்சினை வருமா?
– சனசமூக நிலையம் ஒன்றிலிருந்து, நிலாவெளி

பதில்: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை, பாட்டைப் படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும் இருக்கும். சொல் உங்களுடையது என்றாலும் மெட்டு உங்களுடையது ஆகாது. ரிக்கற் விற்றாலோ வீடியோவை யூரியூப்பில் ஏற்றினாலோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஏற்றிய பிறகு சத்தமில்லாத வீடியோவாக மாறுவதும் உண்டு. வம்பில்லாத வழி பழைய மெட்டு. கும்மி, ஊஞ்சல் பாட்டு, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். உங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு இருக்கிறதே! ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடும் அமைப்பு. மனப்பாடம் வராத பிள்ளைகள் இருக்கிற கூட்டத்துக்கு அதைவிட வசதியான வடிவம் கிடையாது. பயந்து பயந்து ராஜாவிடம் போகும் எஸ்தரை மற்றவர்கள் அம்பாவில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு காட்சி வைத்துப் பாருங்களேன்.

கேள்வி: இத்திஷ் என்பது எபிரேயம்தானா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இல்லை. அடிப்படை ஜெர்மானிய மொழி, எழுத்து எபிரேயம், இடையிடையே எபிரேயச் சொல்லும் சிலாவியச் சொல்லும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழை நினைத்தால் சட்டென்று விளங்கும். எல்லா யூதருக்கும் அது தாய்மொழியும் அல்ல. பக்கத்துக் கொச்சியில் யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள், பாட்டுகளைக் கையால் எழுதிக் கொப்பிகளில் வைத்திருந்தார்கள்.

கேள்வி: அரங்கேற்றத்துக்கு முதல்நாள் எஸ்தருக்குக் காய்ச்சல் வந்தால்?
– அதே ஆசிரியை

பதில்: வரும் என்று வைத்தே எழுதுங்கள். எஸ்தரின் தனிப்பாட்டு ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதையும் தோழிமார் கூடச் சேர்ந்து பாடும்படி கட்டினால் தோழிகளில் மூத்தவளுக்கு அது தானாகப் பாடமாகிவிடும். வசனத்தின் பாரத்தைக் கட்டியகாரன் மாதிரி ஒரு கதைசொல்லியிடம் ஏற்றுங்கள். அவன் கையில் கொப்பி இருப்பதைச் சபை குறையாக எடுக்காது. எஸ்தரின் உடுப்பை மட்டும் நாடா வைத்து, எந்த இடுப்புக்கும் இறுக்கிக் கட்டும்படி தையுங்கள்.