கேமராத் திரையில் கடைக்காரர் ஒட்டிய கண்ணாடி: யார் மேல் வழக்குப் போடுவது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். திருமணப் புகைப்படக்காரர். 7 மாதம் முன்பு திருச்சியில் ஒரு கடையில் ரூ.1,42,000 கொடுத்து மிரர்லெஸ் கேமரா வாங்கினார். பின்பக்கத் திரைக்கு ரூ.450-க்கு டெம்பர்ட் கிளாஸ் ஒன்றைக் கடையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். பக்கவாட்டில் திறந்து உள்பக்கமாக மடித்து மூடும் வகைத் திரை அது. ஒட்டிய நாளிலிருந்தே மூடும்போது கொஞ்சம் இடித்ததாம். ஆவணி முகூர்த்தத்தில் ஒரு ரிசப்ஷனின்போது திறந்து பார்த்தால், மேலே ஒட்டிய கண்ணாடி அப்படியே இருக்க, அடியில் இருக்கும் திரை மூலையிலிருந்து விரிசல் விட்டிருக்கிறது. வாரண்டியில் வராது, ரூ.18,500 ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். கம்பெனி, சர்வீஸ் சென்டர், கடை மூன்றின் மேலும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டு, கைவிட்டுப்போன இரண்டு ஆர்டருக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து 5 லட்சம் கேட்க வேண்டும் என்கிறார்.

ஐயா, சர்வீஸ் சென்டரில் உங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தது, மேனேஜர் முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் வருத்தமான விஷயங்கள்தான். ஆனால் அவை வழக்குக்கு உதவாது. உதவுகிற ஒரே வரி உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் வருகிறது: "இந்த மாடலுக்கு நல்லதா ஒண்ணு போடுங்கன்னு சொன்னேன், அவரே எடுத்து ஒட்டினார்."

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி ஒரு பொருளை வாங்கினால், அது அந்தக் காரியத்துக்குப் பொருந்தும் என்ற பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. நீங்களாகவே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி "அதைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பொறுப்பு அவருக்கு வராது. நீங்கள் மாடலைத்தான் சொன்னீர்கள், தேர்ந்தெடுத்தது அவர். பில்லிலும் கண்ணாடி தனி வரியாக, 450 என்று இருக்கிறது. இலவசமாகக் கொடுத்தது என்று அவர் நழுவ முடியாது. உங்கள் வழக்கின் உயிர் இந்த ரூ.450 வரியில் இருக்கிறது. 1,42,000 வரியில் இல்லை.

அதனால் கம்பெனியை விட்டுவிடுங்கள். கேமராவில் உற்பத்திக் குறை இருந்ததாக நீங்களே சொல்லவில்லை. வெளிப் பொருளால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கார்டில் அச்சிட்டிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் விளையும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும் என்பது) என்று தனி அத்தியாயமே இருந்தாலும், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது. பெயருக்குக் கம்பெனியையும் எதிர்த் தரப்பாகச் சேர்த்தால் என்ன ஆகும்? அவர்களுடைய வக்கீல் வந்து முதல் வேலையாக, சர்வீஸ் சென்டரில் பழுது விவரம் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கிய ஜாப் ஷீட்டைத் தாக்கல் செய்வார்.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களில் நான் அதிக நேரம் பார்த்தது அந்த ஜாப் ஷீட்டைத்தான். கீழே நீல பால்பாயின்ட் பேனாவில், அவசரக் கையெழுத்தில், "கீழே விழுந்தது, ஃபிசிகல் டேமேஜ், கஸ்டமர் ஒப்புக்கொண்டார்" என்று இருக்கிறது. பக்கத்தில் உங்கள் கையெழுத்து. "எப்பவாவது விழுந்துச்சா சார்?" என்று கவுன்டரில் கேட்டார்கள், "பையோட சோபாவிலிருந்து ஒரு தடவை சரிஞ்சுது" என்றேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் சோபாவும் பையும் அந்தத் தாளில் இல்லை. விழுந்தது மட்டும் இருக்கிறது. வாயால் சொன்னதை எதிராளி எழுதி, நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களால் மட்டும் எத்தனை பேர் தோற்றுப் போனார்கள் என்பது வக்கீலான எனக்குத் தெரியும். இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நான் சொன்னது இது, தாளில் இருப்பது அது, திருத்துங்கள் என்று. திருத்த மாட்டார்கள். இருந்தாலும் உங்கள் மறுப்பு தேதியோடு பதிவாகிவிடும்.

அடுத்த ஆபத்து இதைவிடப் பெரியது. அதை நீங்களே பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். ஸ்டுடியோவில் 5 பேர் வேலை செய்கிறார்கள், மூன்று கேமரா இருக்கிறது, அன்று ரிசப்ஷனுக்கு ஒரு பையனிடம் இந்தக் கேமராவைக் கொடுத்து அனுப்பினேன் என்று. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்த் தரப்பு நம் கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம். ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அப்படித்தான். அடுத்தவர் ஓட்டுவதற்காகவே வாங்கிப் போட்டால் இல்லை. இப்போது ஆட்டோ இருக்கும் இடத்தில் உங்கள் கேமராவை வைத்துப் பாருங்கள். ரிசப்ஷனில் அதைப் பிடித்திருந்தது யார்?

என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவரும் புகைப்படக்காரர், லென்ஸ் சம்பந்தமான புகார். வருமான இழப்பு வாங்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சீசனுக்கு எத்தனை ஆர்டர், எத்தனை பேருக்குச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். எதிர்த் தரப்பு பெரிதாக எதையும் நிரூபிக்கவில்லை. அந்தக் கணக்கையும் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பிரிண்ட் அவுட்டையும் வைத்தார்கள். "எங்கள் டீம்" என்று வரிசையாக எட்டு முகம். லென்ஸில் குறை இருந்ததா என்ற கேள்விக்கே ஆணையம் போகவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் கேட்கச் சொல்லும் 5 லட்சமும் இதே வேலையைத்தான் செய்யும். இரண்டு ஆர்டர் போனதற்கு ஆதாரம் காட்டக் காட்ட, நீங்கள் நுகர்வோர் இல்லை என்பதற்கான ஆதாரமும் கூடவே சேர்கிறது.

ஊழியர்களை மறைத்து எழுதலாமா என்று கேட்காதீர்கள். பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுத நான் துணை வர மாட்டேன்.

மற்ற நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: வக்கீல் நோட்டீஸ், சொந்த ஊர் என்பதால் தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் கவலையெல்லாம் அந்தக் கண்ணாடியைப் பற்றி இருக்கட்டும். அதை உரிக்காதீர்கள். வழக்குக்குப் போனாலும் சமரசத்துக்குப் போனாலும் இதுதான் முதல் வேலை. ஒட்டிய கண்ணாடி அளவுக்கு மீறியது, திரையை மடித்தால் கேமராவின் உடம்போடு இடிக்கிறது என்பதுதான் உங்கள் வாதம். டெம்பர்ட் கிளாஸ் சாதாரணமாக 0.3 மி.மீ. கனம்தான் இருக்கும். ஆனால் மடித்து மூடும் திரையில் அந்த இடைவெளியே இருக்காது. திரை ஒட்டாமல் நிற்பதையும், ஓரம் எங்கே உரசுகிறது என்பதையும் பகல் வெளிச்சத்தில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். தனியாக ஒரு டெக்னீஷியனிடம் காட்டி, விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதி வாங்குங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிப்பேர். மாற்றிய பழைய திரையையும் கேட்டு வாங்கி வையுங்கள். ரிப்பேர் செய்துவிட்டு வக்கீலைத் தேடி வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகவும் குறைவு.

அப்புறம், கண்ணாடிக்கு 9ஹெச் கடினம் என்று போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அழுத்தினால் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் திரை உடைந்தது கீறலாலும் அல்ல.

இனி என் கருத்து. கடைக்காரர் ரூ.9,000 தருவதாகவும் ஒரு புது ஃபிலிம் ஒட்டித் தருவதாகவும் போனில் சொன்னார், நீங்கள் கோபத்தில் வைத்துவிட்டீர்கள். திரும்பப் போங்கள். வீடியோவைக் காட்டி 15,000 கேளுங்கள். 12,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட அந்தத் தாளையும் 5 ஊழியர்களையும் வைத்துக்கொண்டு, 18,500 ரூபாய்க்காக எத்தனை வாய்தாவுக்குத் தஞ்சாவூர் போவீர்கள்? சிவில் கோர்ட்டில் நுகர்வோரா என்ற கேள்வி வராது. ஆனால் இந்தத் தொகைக்கு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் வாங்கும்போது ரசீதைப் படியுங்கள். "கேமரா சம்பந்தமாக இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று டைப் செய்து நீட்டுவார்கள். அதை அடித்துவிட்டு, "திரைச் சேதம் தொடர்பாக மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். வாரண்டி கார்டில் 2 ஆண்டு என்றிருக்கிறது, இன்னும் 17 மாதம் பாக்கி. அதை ஒரு ரசீதில் தொலைத்துவிடக் கூடாது. திரையையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள், வெளியே 3,000 குறைவாக ஆனாலும் சரி.

புதுத் திரைக்குக் கண்ணாடி வேண்டாம், மெல்லிய ஃபிலிம் போதும். மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி "இதுக்குப் பொருந்துறது எது?" என்று கேளுங்கள், பதிலை அழிக்காதீர்கள். பிராண்ட் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். ஒட்டியதும் கடையிலேயே நான்கைந்து தடவை மடித்து மூடிப் பாருங்கள். இடித்தால் அங்கேயே உரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரைப் பார்க்க இந்த வாரமே போங்கள், கேமராவில் அந்தப் பழைய கண்ணாடி அப்படியே இருக்கட்டும்.