மடியில் படுத்த கிட்டாரில் தோடி வருமா? – கேள்வி பதில்

கர்நாடக சங்கீதத்தை ஸ்லைடு கிட்டாரில், அதாவது கிட்டாரை மடியில் கிடத்தி, ‘பார்’ எனப்படும் உலோகத் துண்டைத் தந்தி மேல் வழுக்கி, வாசிப்பது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. நான் முதலில் வீணை கற்றவன், பிறகுதான் கிட்டாரை மடியில் கிடத்தினேன். வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேலூர், கல்லூரி மாணவர்: அண்ணே, சாதாரண கிட்டாரிலேயே கம்பியை இழுத்து கமகம் போடலாமே? இரும்புத் துண்டு எதற்கு?

கமகம், அதாவது சுரத்தை ஆட்டி அசைப்பது, போடலாம் தம்பி. கர்நாடக கிட்டார் கலைஞர் பிரசன்னா அப்படித்தான் வாசிக்கிறார், கேட்டுப் பாருங்கள். ஆனால் இழுத்தால் சுரம் மேலேதான் போகும். பிடித்த மெட்டுக்குக் (கிட்டார் கழுத்தில் குறுக்கே அடித்திருக்கும் கம்பி, ஃப்ரெட்) கீழே இறங்க வேண்டுமென்றால் விரலை மாற்றியாக வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது, மத்யமத்தை உரசிவிட்டு ரிஷபத்தின் பக்கம் வரை ஊஞ்சல் போல ஆடி வரும். விரல் வைக்காத தந்தி ஷட்ஜம் (ஸ) என்றால், கிட்டாரில் அது ஐந்தாம் மெட்டுக்கும் முதல் மெட்டுக்கும் இடைப்பட்ட தூரம். ஒரே மீட்டில், தந்தியின் மேல் பாரை வழுக்கிக்கொண்டே அந்தத் தூரத்தைக் கடந்துவிடலாம். தொண்டையில் வருவதற்கு மிக அருகில் வரும்.

மதுரை அண்ணா நகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நம்மிடம் கோட்டுவாத்தியம் இருக்கும்போது கிட்டார் தேவையா?

நியாயமான கேள்வி ஐயா. திருவிடைமருதூர் சகாராம ராவ், நாராயண ஐயங்கார், அவருடைய பேரன் ரவிகிரண் என்று பெரிய வரிசையே அதற்கு இருக்கிறது. மெட்டே இல்லாமல், தந்தி மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் வீணை அது. சித்திரவீணை என்றும் அதைச் சொல்கிறோம், 21 தந்திகள். கிட்டார் வேறு வழியில் வந்தது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரபலப்படுத்திய வாசிப்பு முறை கல்கத்தா வரை வந்து சேர்ந்தது. சரோத் மேதை அலி அக்பர் கானிடம் கற்ற பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விஸ்வ மோகன் பட் தந்திகளைக் கூட்டி மோகன வீணை ஆக்கினார், அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி வாங்கினார். தேபாஷிஷ் பட்டாச்சார்யாவின் சதுரங்கி என்ற ஸ்லைடு கிட்டாருக்கு 24 தந்திகள்.

எனக்குக் கிட்டார் பிடித்ததற்குக் காரணம் எளிது: எந்த ஊரிலும் கிடைக்கும், பஸ்ஸில் கொண்டுபோகலாம். ஆனால் கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்பவர்கள் விஸ்வ மோகன் பட்டின் வாசிப்பைக் கேட்பதற்கு முன் சித்திரவீணையைக் கேளுங்கள். ஸ்லைடில் நம் கமகம் எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

திருமங்கலம், ஒரு தாயார்: வீட்டில் மகனின் பழைய கிட்டார் சும்மா கிடக்கிறது. அதையே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம் அம்மா. தலைப் பக்கத்தில் தந்திகள் ஏறி உட்காரும் நட் மேல் கவிழ்த்து வைக்க ஓர் உயர நட் விற்கிறது. அதை வைத்தால் தந்திகள் மெட்டுகளைத் தொடாத உயரத்துக்கு வந்துவிடும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், கிட்டாருக்குச் சேதமில்லை. தடித்த தந்தியிலிருந்து வரிசையாக டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சுருதி சேருங்கள். வழக்கமான சுருதியிலிருந்து எல்லாமே இறங்கும் அல்லது அப்படியே இருக்கும், எதையும் ஏற்ற வேண்டாம். டி தான் ஷட்ஜம். எஃப் ஷார்ப் அந்தர காந்தாரம் (உயர்ந்த ‘க’), தோடி வாசிக்கும்போது அது கூடவே அதிர்ந்து உறுத்தும். அப்போது அரைச் சுரம் ஏற்றி மத்யமமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: சாதாரண கிட்டாரில் அதிர்வுத் தந்திகளை (மீட்டாமலே கூட அதிரும் தந்திகள்) கூடுதலாகப் பூட்டாதீர்கள். என் முதல் கிட்டாரில் ஒரு கடைக்காரர் பன்னிரண்டு தந்தி ஏற்றிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் குதிரைக்கு (மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) முன்னால் மேல்பலகை குழி விழுந்துவிட்டது. அந்த இழுவையைத் தாங்குவதற்கென்றே உள்ளே கட்டை வைத்துச் செய்த வாத்தியத்துக்குத்தான் அது சரி.

உசிலம்பட்டி, வயலின் ஆசிரியை: பாரைச் சரியாக மெட்டுக்கு நேர் மேலேதான் வைக்கிறேன். சங்கராபரணத்தில் காந்தாரம் மட்டும் கூடிப்போகிறது. ஏன்?

உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்! மெட்டு அடித்திருக்கும் இடம் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கும் மேற்கத்திய கணக்குப்படி. தந்தியின் நீளம் 65 செ.மீ. என்றால் நான்காம் மெட்டு நட்டிலிருந்து சுமார் 134 மி.மீ. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் தந்தியின் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது 130 மி.மீட்டரில் இருக்கிறது. நான்கு மி.மீ. வித்தியாசம்! பாரை அவ்வளவு தூரம் நட் பக்கம் தள்ளினால் காந்தாரம் தம்புராவில் போய்க் கரைந்துவிடும். பஞ்சமத்தில் அந்த வித்தியாசம் அரை மி.மீட்டர்தான், அங்கே மெட்டை நம்பலாம்.

இன்னொன்று, கண்ணுக்கு நேர் கீழே பார் இல்லாவிட்டால் பார்வைக் கோணமே ஏமாற்றும். விடியற்காலையில், தெருவில் வண்டிச் சத்தம் தொடங்குவதற்கு முன், தம்புராவைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் தேடுங்கள். நான் இன்றும் அதைச் செய்கிறேன்.

திருப்பரங்குன்றம், இசைப் பயிற்சியில் இருப்பவர்: வேகமான பிருகா எல்லாம் குழைந்து கூழாகிறது சார்.

பிருகா என்பது வேகமாக உருண்டோடும் சுரக் கோவை. எல்லாவற்றையும் வழுக்கினால் அப்படித்தான் ஆகும். வேகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி மீட்டு கொடுங்கள். பக்கத்துத் தந்தியில் கிடைக்கும் சுரத்தை அங்கேயே எடுங்கள், பார் ஓடும் தூரம் குறையும். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியைத் தொட்டபடியே வரட்டும். அவை தூக்கிக்கொண்டால் பாருக்கு அந்தப் பக்கத் தந்தியும் சேர்ந்து கத்தும். அப்படியும் வராத பிருகாவை நான் விட்டுவிடுகிறேன். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர் இது. நீண்டு நிற்கும் ஒரு சுரத்தை ரசிக்க நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செல்லூர்: கண்ணாடிக் குழாய் போதுமா, ஸ்டீலா?

விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பவர்களுக்கு. மடியில் வைத்து வாசிக்க 150 முதல் 200 கிராம் எடையுள்ள, கனமான ஸ்டெயின்லெஸ் பார்தான் நல்லது. லேத் பட்டறையில் கடைந்து வாங்கினால் கண்ணாடி போல் பாலிஷ் போடச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கரகரக்கும். நம் ஊர் வியர்வைக்கு, வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைத்துவிடுங்கள்.

மதுரை, புதிதாகத் தொடங்குபவர்: யாரிடம் போய்க் கற்பது?

முதலில் ஸ்லைடு வாத்தியாரைத் தேட வேண்டாம், பாட்டு வாத்தியாரிடம் போங்கள். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள். ஒரு வர்ணத்தையாவது (கர்நாடக சங்கீதப் பாடல் வகை) வாயால் பாடத் தெரிந்த பிறகு பாரை எடுங்கள். பாடும்போது சுரம் எங்கே ஆடுகிறதோ அங்கே கை தானாகப் போகும். அதன் பிறகும் கை போகவில்லை என்றால், எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.