இசை கேள்வி - பதில்: பாட்டு யாருக்கு, பேர் யாருக்கு?

திருப்பரங்குன்றம் வாசகர்: நண்பர்கள் நால்வர் புதிதாக ப்ரோக்ரெசிவ் ராக் (பாட்டுக்குள் தாளமும் அமைப்பும் மாறிக்கொண்டே போகும் ராக் இசை) பேண்ட் தொடங்கியிருக்கிறோம். ஒரு பாட்டில் கிட்டார் ஏழு எண்ணிக்கை, டிரம்ஸ் நான்கு. கொஞ்ச நேரத்திலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். என்ன செய்யலாம்?

ஏழும் நான்கும் 28-ல் சந்திக்கும். கிட்டார் 4 சுற்று வாசித்தால் டிரம்ஸ் 7 சுற்று. அதற்கு அடுத்து விழும் முதல் அடியை எல்லோரும் சேர்ந்து அழுத்தி வாசியுங்கள். நடுவில் யார் தவறினாலும் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள். கிட்டார்காரர் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவின் 'தகிட தகதிமி', டிரம்மர் வெறும் 'தகதிமி'. மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60. பிசகாமல் வந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது ஏழாவது எண்ணிக்கையில்தான். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்திலேயே ஊறிய காது எட்டாவதைத் தேடும், கை தானாக ஓர் எண்ணிக்கை கூடுதலாக நின்றுவிடும். கடைசி ஸ்வரத்தை இழுக்காமல் சட்டென்று அமர்த்துங்கள், பாதிச் சிக்கல் தீரும். மதுரையில் தவில்காரர்களுக்குப் பஞ்சமா? ஒருவரை அழைத்து இந்த இடத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். டிரம்மருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மேலூர் வாசகர்: திருவிழா மேடையில் ஜெனரேட்டர் கரண்ட். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவருக்கு மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடித்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் "இதெல்லாம் சகஜம்" என்கிறார்.

சகஜமே இல்லை, உயிர் போகும் விஷயம். கிட்டார் கம்பி ஆம்ப்ளிஃபயர் வழியாகவும், மைக் மிக்ஸர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வழியாகவும் எர்த் ஆகின்றன. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால் வித்தியாசம் பாடகர் உடம்பு வழியாகத்தான் போகும். மேடை ஏறும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து இருபது வோல்ட் காட்டினாலே வாசிக்காதீர்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து இணைப்பு கேளுங்கள். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போகவேண்டும் என்று எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. அதை யார் செய்தாலும் தடுங்கள். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் (கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் என்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

எல்லிஸ் நகர் வாசகர்: ஐந்து பேர், நான்கு வருட ப்ரோக்ரெசிவ் ராக் பேண்ட். கல்லூரி விழாக்களில் தொடங்கி பெங்களூர் மேடை வரை போனோம். ஆறு பாட்டு ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது. இப்போது பேஸ் கிட்டார் வாசிப்பவர் வேலைக்காக வெளியூர் போகிறார், பாடகர் தனியாகப் பாடப்போகிறாராம். எழுத்தில் எதுவும் இல்லை. பாட்டு, பேர், சாமான் எல்லாம் யாருக்கு?

முதலில் ஒன்று: உங்களில் யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டுகாரர் வராவிட்டால் இன்னொருவர் வந்து நோட்ஸ் பார்த்து வாசித்துவிடுவார். பத்து நிமிடப் பாட்டில் ஆறு இடத்தில் தாளம் மாறும் உங்கள் இசையில் அது நடக்காது. ஒருவர் ஊர் மாறினாலே ஒத்திகை நின்றுவிடும். பெரிய பேண்டுகளும் உடைந்திருக்கின்றன: பிரிட்டிஷ் பேண்ட் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தது. டிசம்பருக்குள் அதில் வாசித்த இயன் மெக்டொனால்டும் மைக்கேல் ஜைல்ஸும் விலக முடிவெடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பாட்டையும் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்றாகப் பிரியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் எழுதியவருக்கு, மெட்டு அமைத்தவருக்கு. நோட்டேஷன் எழுதாவிட்டாலும் மெட்டுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவு, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு. ஐவரும் சேர்ந்து அதைச் செய்திருந்தால் ஐவருக்கும். சண்டை வருவது மெட்டில்தான். ஜாமிங்கில் (எல்லோரும் சேர்ந்து தோன்றியபடி வாசிக்கையில்) பிறந்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாத பாட்டு கூட்டுப் படைப்பு. மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பாடகர் அதைப் படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்க முடியாது.

ஐவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாட்டுவாரியாகச் சதவீதம் எழுதிக் கையெழுத்திடுங்கள். போனில் பிடித்த பழைய ஜாமிங் பதிவுகளை அழிக்காதீர்கள். எந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) யார் கையிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் அதுவும் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இருக்கும் பாட்டுக்கு இரண்டுமே போதாது.

பேர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் பேண்டிலிருந்து 1985-ல் ரோஜர் வாட்டர்ஸ் விலகிய பிறகு அந்தப் பேருக்காகவே வழக்கு நடந்து, 1987 டிசம்பரில்தான் சமரசம் ஆனது. மூன்று பேராவது சேர்ந்து தொடர்ந்தால் பேர் அவர்களுக்கு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை என்று எழுதிக்கொள்வதே நியாயம் என்பது எங்கள் கருத்து. தொடர்பவர்கள் 41-ம் வகுப்பில் (கேளிக்கைச் சேவைகள் வரும் பிரிவு) டிரேட்மார்க் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், பதிவு ஆனால் 10 வருடம் செல்லும்.

சாமான்களுக்கு பில் விலை பார்க்காதீர்கள், இன்று செகண்ட் ஹேண்டில் என்ன போகுமோ அதுதான் விலை. பொதுவுக்கு வாங்கிய மிக்ஸரின் இஎம்ஐ ஒருவர் பேரில் ஓடினால் பாக்கியை எல்லோரும் ஏற்க வேண்டும். வருமானத்தைப் பங்கிட்டு நடத்திய பேண்ட் கூட்டு வணிகமாகக் கருதப்பட்டால், 1932 கூட்டாண்மைச் சட்டப்படி வேறு ஏற்பாடு இல்லாத வரை லாபமும் நஷ்டமும் சமபங்கு.

பாட்டை ஏற்றிய டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் நிறுவனம்) கணக்கு யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஆண்டுச் சந்தா கட்டும் கணக்கென்றால், கட்டாமல் விட்டால் பாட்டுகள் இறங்கிவிடும். வேறு கணக்குக்கு மாற்றும்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள், புதியது ஏறிய பிறகே பழையதை எடுங்கள். அவசரப்பட்டு முதலில் எடுத்தால் இத்தனை வருடம் சேர்ந்த கேட்பு எண்ணிக்கையை இழக்க நேரலாம்.

ஒலிப்பதிவு மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி எடுத்துவைத்தால் போதாது. ப்ளக்-இன் (எஃபெக்ட் போன்றவற்றுக்கான துணை மென்பொருள்) மாறினால் அது பழையபடி திறக்காமல் போகலாம். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். எஃபெக்ட் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. கூடவே டெம்போ மேப்பை (எந்த இடத்தில் வேகமும் தாளமும் மாறுகின்றன என்ற குறிப்பு) மிடி ஃபைலாகச் சேர்த்துவிடுங்கள். தாளம் மாறும் பாட்டில் அது இல்லாவிட்டால் பின்னால் யாரும் மெட்ரோனோமின் ஒரு கிளிக்கைக்கூடப் பொருத்த முடியாது. இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு வீடு. பேஸ் வாசிப்பவர் கிளம்பும் முன் அவர் லேப்டாப்பில் இருப்பதையும் வாங்கிவிடுங்கள்.