கேள்வி-பதில்: பழைய அம்பாசடரில் பெட்ரோல் வரும் வழி

கேள்வி: பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசடர் வாங்கியிருக்கிறேன். வேகம் 60-ஐத் தாண்டினால் இழுக்காமல் திணறுகிறது. கார்புரேட்டர், பம்ப், டேங்க் மூன்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மூன்றும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். திணறும்போது வண்டியை ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பிறகு வண்டி சரியாக ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் போதும்.

அது இல்லையென்றால் எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் வராதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சில விநாடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வேறொரு ஹோஸ் மாட்டி, தனியாக ஒரு கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்துப் பாருங்கள். இப்போது நன்றாகப் பீய்ச்சினால் பம்பில் குற்றமில்லை. ஃபில்டரிலோ, லைனிலோ, டேங்குக்குள் இருக்கும் வலையிலோ அடைப்பு. அப்போதும் சொட்டினால்தான் பம்பைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

எஞ்சினின் கேம் ஷாஃப்டால் ஓடும் ஏசி பம்பில் (ஏசி என்பது கம்பெனிப் பெயர்) பெரும்பாலும் போவது டயாஃப்ரம் என்ற சவ்வுதான். அது கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். டயாஃப்ரம் கிட் (பழுதுபார்க்கும் பாகங்களின் தொகுப்பு) போட்டு, ஆயிலையும் மாற்றிய பிறகு ஓட்டுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் மாட்டச் சொன்னால் அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கார்புரேட்டருக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். அதைப் போட்டால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து சூடான மேனிஃபோல்டில் கொட்டும்.

கேள்வி: கார்புரேட்டருக்கு கிட் போதுமா, புதிதாகவே வாங்கலாமா?

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது எஸ்யூ (SU) வகை கார்புரேட்டர் என்றால், ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விழாமல் சிக்கினால் அழுக்கு, அல்லது பிஸ்டனின் ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை மையப்படுத்தினாலே சரியாகும். மேல் மூடியைத் திருகி எடுத்து உள்ளே ஆயிலையும் பாருங்கள். பிஸ்டனின் குழல் தண்டுக்கு மேலே 13 மி.மீ. நிற்க வேண்டும், எஸ்ஏஇ 20 போல மெல்லிய ஆயில் போதும். அது வற்றினால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் இருமும். கார்புரேட்டர் போச்சு என்று பலர் புதிது வாங்குவது இந்தக் கால் அவுன்ஸ் ஆயிலுக்காகத்தான்.

கிட்டில் கேஸ்கெட், நீடில் வால்வு, சீட் எல்லாம் இருக்கும். பழைய நீடிலின் கூம்பில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திரும்பும் த்ராட்டில் ஸ்பிண்டிலின் தேய்மானத்தை மட்டும் எந்த கிட்டும் சரிசெய்யாது. ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த வழியாகக் காற்று புகுந்து ஐடிலிங் நிற்காது. லேத்தில் புஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெயர் தெரியாத புது கார்புரேட்டரைவிட, புஷ் போட்ட பழையதே மேல்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

பதில்: முதலில் அடிவாங்குவது ரப்பர். பழைய ஹோஸ் ஊதி, உள்பக்கம் உதிர்ந்து, அந்தத் துகள் ஜெட்டை அடைக்கும். கடையில் 'பெட்ரோல் ஹோஸ்' என்று மட்டும் கேட்காதீர்கள். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதை, பழைய குழாயின் அளவை வெர்னியரில் பார்த்து வாங்குங்கள். பட்டையில் துளையுள்ள கிளிப் ரப்பரை வெட்டும். விளிம்பு மழமழப்பான கிளிப் கேளுங்கள். பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும்.

எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். எஸ்யூவில் ஜெட் நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, கீழே இறக்கி ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைக் காலிசெய்துவிடுங்கள்.

வெயிலில் டிராஃபிக்கில் நின்றுபோனால் பம்பின் மேல் ஈரத் துணி போடும் வழக்கம் இருக்கிறதே, அது மூடநம்பிக்கை இல்லை. லைனில் ஆவியாகி நிற்கும் பெட்ரோலை அது குளிர்விக்கிறது. ஆனால் அது அடிக்கடி தேவைப்பட்டால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத்தடுப்பு ஸ்பேசரை யாரோ கழற்றி வைத்துவிட்டார்களா, லைன் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாற்றாத பாகத்துக்கும் பில் போட்டால்?

பதில்: வேலைக்கு விடும்போதே கழற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பில்லில் 'கார்புரேட்டர் வேலை' என்று மொத்தமாக இல்லாமல், பாகத்தின் பெயர், விலை, கூலி தனித்தனியாக இருக்க வேண்டும். தகராறானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.